பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ போட்டாச்சு, லேப்டாப் கண்டுக்கவே மாட்டேங்குது

#1 வெள்ளைத்திரை | இரவு 8:52

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இப்ப தலைக்கு மேல வெள்ளம் வந்ததால கணக்கு தொடங்கிட்டேன்.

விண்டோஸ் 11 லேப்டாப். நேத்து சார்ஜ் தீர்ந்து பாதியில அணைஞ்சுது. அதுலேருந்து 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' நீலத்திரை, ரீஸ்டார்ட், மறுபடி நீலத்திரைன்னு சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள என் ஆய்வேட்டோட நாலு அத்தியாயம் இருக்கு. கடைசி மூணு வாரம் எழுதினதுக்கு பேக்கப் கிடையாது. திட்டணும்னு நினைக்கிறவங்க வரிசையில நில்லுங்க, வேலை முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கிறேன்.

பென்டிரைவ்லேருந்து லினக்ஸை ஓட்டி ஃபைல்களை வெளிய எடுத்துடலாம்னு படிச்சேன். தங்கச்சி லேப்டாப்ல 16 ஜிபி பென்டிரைவைச் சொருகி, என்கிட்ட இருந்த உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) ஐஎஸ்ஓவை, அதாவது முழு டிஸ்கையும் ஒரே ஃபைலா அடைச்சு வச்சதை, காப்பி பண்ணினேன். என் லேப்டாப்ல சொருகி ஆன் பண்ணி எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட்னு பியானோ மாதிரி வாசிச்சுப் பார்த்தேன். பழைய நீலத்திரைதான் வருது. என்ன பிராண்டுன்னு சொன்னா இங்க சண்டை ஆரம்பிச்சுடும், அதனால சொல்லல.

#2 ஒருவிரல்தட்டச்சு | இரவு 8:58

சகோ, ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி பண்ணி வச்சா பூட் ஆகாது, அதாவது அதுலேருந்து கம்ப்யூட்டர் தொடங்காது. கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது ஒரு சினிமா ஃபைல் மாதிரிதான். தங்கச்சி லேப்டாப்ல ரூஃபஸ்னு பூட் பென்டிரைவ் தயாரிக்கிற மென்பொருளை இறக்குங்க, பென்டிரைவைக் காட்டுங்க, ஐஎஸ்ஓவைக் காட்டுங்க, ஸ்டார்ட் அமுக்குங்க. பென்டிரைவ்ல இருக்கிற பழசெல்லாம் அழிஞ்சுடும், அதை மட்டும் பார்த்துக்கோங்க.

#3 டெர்மினல்தாத்தா | இரவு 9:15

ஒருவிரல் சொன்னது சரி. ஏன் என்று தெரிந்தால் அடுத்த தடவை இவ்வளவு பியானோ வாசிக்க வேண்டியிருக்காது.

ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது மதர்போர்டில் இருக்கிற ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல். விண்டோஸ் எல்லாம் அப்புறம். டிஸ்க் முழுவதையும் துழாவிப் பார்க்கும் பொறுமை அதற்குக் கிடையாது, குறிப்பிட்ட ஓரிரு இடங்களை மட்டும் பார்க்கும். அது பழைய பயாஸ் வகை என்றால் டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுத்துக்கொள்ளும். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் '55ஏஏ' என்கிற முத்திரைக்கு. யூஇஎஃப்ஐ என்ற புது வகை வந்த பிறகு விஷயம் மாறிவிட்டது. அது ஃபேட் வகைப் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்குள் 'இஎஃப்ஐ' ஃபோல்டர், அதற்குள் 'பூட்' ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற ஒரே ஒரு ஃபைல். அது கிடைத்தால் ஓட்டும், கிடைக்கவில்லை என்றால் அடுத்த டிஸ்க்.

உங்கள் பென்டிரைவில் இருப்பது ஒரே ஒரு பெரிய மூட்டை. ஃபர்ம்வேர் தேடுகிற ஃபைல் அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மூட்டையை அவிழ்ப்பது அதன் வேலை இல்லை. அவிழ்த்து உரிய இடத்தில் வைப்பதுதான் ரூஃபஸ் மாதிரிக் கருவிகளின் வேலை.

இனிமேல் என்ன நடந்தாலும் 'வரல' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று சொல்லுங்கள். மெனுவில் பென்டிரைவ் பெயரே இல்லையா, பெயர் இருந்தும் தேர்ந்தெடுத்தால் திரும்பிவிடுகிறதா, ஏதாவது செய்தி காட்டி நிற்கிறதா, லினக்ஸ் லோகோ வரை வந்து கருப்பாகிறதா? நாலும் நாலு நோய். மருந்தும் வேறு வேறு.

#4 வெள்ளைத்திரை | இரவு 9:31

நன்றி தாத்தா. 'மூட்டை'ன்னு சொன்னதும் புரிஞ்சிடுச்சு.

ரூஃபஸ்ல ஸ்டார்ட் அமுக்கினா ஒரு கேள்வி கேக்குது. ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடான்னு. அதுக்கு முன்னாடி எம்பிஆரா ஜிபிடியான்னு வேற ஒரு பெட்டி. எதைத் தொட்டா என்ன வெடிக்கும்னு தெரியாம கைய வச்சுட்டு உக்காந்திருக்கேன்.

#5 நீலப்போர்ட் | இரவு 9:40

எதுவும் வெடிக்காது. அலுவலகத்தில் இதுதான் என் தினப்படி வேலை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11 வந்த லேப்டாப் என்றால் யூஇஎஃப்ஐதான். எம்பிஆர், ஜிபிடி இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள்; ஜிபிடி வைத்தாலும் சரி, ரூஃபஸ் தானாகக் காட்டுவதை விட்டுவிட்டாலும் சரி. ஐஎஸ்ஓ மோடில் அது மூட்டையை அவிழ்த்து ஃபைல்களாக வைக்கும். மீதி இடத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். டிடி மோடில் ஐஎஸ்ஓவை ஒரு பைட் மாறாமல் டிஸ்கின் தொடக்கத்திலிருந்து அச்சடித்த மாதிரி எழுதும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஏற்றவாறே தயாராகின்றன. முதலில் ஐஎஸ்ஓ மோட். அது முரண்டு பிடித்தால் டிடி.

டிடி மோடில் எழுதிய பிறகு விண்டோஸில் சொருகினால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கக்கூடும். கேன்சல் செய்யவும். பழக்கதோஷத்தில் ஓகே அமுக்கிவிட்டு 'பூட் ஆகலையே அக்கா' என்று வந்து நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

#6 சும்மாவந்தேன் | இரவு 9:52

டிடின்னு கேட்டதும் பழைய காயம் வலிக்குது. சொல்லிட்டுப் போயிடறேன்.

ரூஃபஸ்ல வர்ற டிடி மோட் பயப்படற விஷயமில்ல, பெரும்பாலும் பென்டிரைவை மட்டும்தான் காட்டும். நான் சொல்றது லினக்ஸ் டெர்மினல்ல அடிக்கிற அசல் டிடி கட்டளை. என் குறிப்பேட்டுல ஒரு வரி எழுதி வச்சிருந்தேன், கடைசியில 'எஸ்டிபி'ன்னு முடியும், அது லினக்ஸ் டிஸ்குக்கு வைக்கிற பேர். எப்பவும் பென்டிரைவ் அந்தப் பேர்லதான் வரும். அன்னைக்கு பேக்கப் டிஸ்க் முன்னாடியே சொருகியிருந்துச்சு. அதனால அது எஸ்டிபி ஆயிடுச்சு, பென்டிரைவ் எஸ்டிசி. நான் பழைய வரியை அப்படியே ஒட்டி என்டர் அடிச்சேன்.

பென்டிரைவோட லைட் மினுக்கலையேன்னு பார்த்தேன். டிஸ்க் லைட் மினுக்கிட்டிருந்துச்சு. அப்ப வயித்துக்குள்ள வந்த உணர்ச்சிக்குத் தமிழ்ல வார்த்தை இருக்கான்னு தெரியல.

கன்ட்ரோல்-சி அடிச்சு நிறுத்தறதுக்குள்ள டிஸ்கோட தொடக்கம் போயிடுச்சு. ஜிபிடின்னா அட்டவணையோட நகல் ஒண்ணு டிஸ்கோட கடைசியில இருக்கும், அதை வச்சு டெஸ்ட்டிஸ்க்ங்கிற மீட்புக் கருவி பார்ட்டிஷனைக் காட்டுச்சு. ஆனா அதுக்குள்ள இருந்த ஃபைல்சிஸ்டத்தோட தலைப்பகுதி காலி. ஃபோட்டோரெக் போட்டுப் படங்களை மீட்டேன். ஒண்ணுக்கும் பேர் கிடையாது, தேதி வாரியா வச்சிருந்த ஃபோல்டரும் கிடையாது. 'எஃப்' போட்டு ஒரு நீளமான எண், இப்படி ஆயிரக்கணக்குல. இன்னும் பிரிச்சு முடிக்கல.

டிடி அடிக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் 'எல்எஸ்பிஎல்கே' (டிஸ்க் பட்டியல் காட்டற கட்டளை) அடிச்சு அளவைப் பாருங்க. பேரை நம்பாதீங்க.

#7 டெர்மினல்தாத்தா | இரவு 10:01

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்விஎம்இ வகை டிஸ்க் உள்ள லேப்டாப்பில் உள் டிஸ்கின் பெயர் 'என்விஎம்இ' என்றே தொடங்கும். அதனால் அங்கே பென்டிரைவ் 'எஸ்டிஏ' ஆகிவிடும். அந்தப் பழக்கத்தோடு சாட்டா வகை டிஸ்க் இருக்கிற மேசைக் கணினியில் உட்கார்ந்தால் 'எஸ்டிஏ' என்பது உங்கள் சொந்த டிஸ்க். ஒரே கட்டளை, இடம் மாறினால் கொலை.

#8 வெள்ளைத்திரை | இரவு 10:20

ஐஎஸ்ஓ மோட்ல எழுதிட்டேன். பென்டிரைவைத் திறந்தா 'இஎஃப்ஐ' ஃபோல்டர் தெரியுது, அதுக்குள்ள 'பூட்', அதுக்குள்ள தாத்தா சொன்ன ஃபைலும் இருக்கு!

ஆனா என் லேப்டாப்ல பூட் மெனுவே வர மாட்டேங்குது. லோகோ ஒரு நொடி, உடனே நீலத்திரை. எந்த பட்டனையும் மதிக்கல.

#9 ஒருவிரல்தட்டச்சு | இரவு 10:24

எனக்குத் தெரிஞ்ச பட்டன்கள்: டெல், லெனோவோ எஃப்12. எச்பி எஸ்கேப், அப்புறம் எஃப்9. ஏசுஸ் லேப்டாப்னா எஸ்கேப், அவங்க மதர்போர்டுன்னா எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் எஃப்11. கிகாபைட் எஃப்12. ஏசர் எஃப்12தான், ஆனா சில மாடல்ல பயாஸுக்குள்ள (யூஇஎஃப்ஐ செட்டிங்ஸையும் பழக்கத்துல அப்படித்தான் சொல்வோம்) போய் அந்த மெனுவை முதல்ல எனேபிள் பண்ணணும். சில லெனோவோல ஓரத்துல குண்டூசி நுழையற ஓட்டை ஒண்ணு இருக்கும், அதை அமுக்கினாலும் மெனு வரும். இன்டெல் மேக்னா ஆப்ஷன் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும்.

எஃப் வரிசைல ஒலி, வெளிச்சம்னு படம் போட்டிருந்தா எஃப்என் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பாருங்க. பென்டிரைவ் நேரா லேப்டாப்ல இருக்கட்டும், ஹப் வேண்டாம்.

#10 நீலப்போர்ட் | இரவு 10:33

பட்டனோடு மல்லுக்கட்டவே வேண்டாம். உங்களைச் சுற்ற விடுகிற அந்த நீலத்திரையிலேயே வழி இருக்கிறது. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' அமுக்கினால் வருகிற திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று ஒன்று இருக்கும். பென்டிரைவ் சொருகியிருக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். அது இல்லையென்றால் 'ட்ரபிள்ஷூட்' உள்ளே போய் 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. அது நேராக பயாஸ் திரைக்கே கூட்டிப் போகும்.

விண்டோஸ் நன்றாக ஓடுகிற லேப்டாப்பில் இதே தொல்லை வந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள், இதே நீலத்திரை வரும். ஷட்டவுன் கொடுத்துவிட்டு ஆன் செய்வது எப்போதும் கைகொடுக்காது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான். விண்டோஸ் தன் கெர்னலை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் முழுதாக இறங்கி ஏறும். கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

#11 வெள்ளைத்திரை | இரவு 10:47

அக்கா, கோயில் கட்டலாம் உங்களுக்கு. 'யூஸ் எ டிவைஸ்' இருந்துச்சு, பென்டிரைவ் பேரும் வந்துச்சு, தேர்ந்தெடுத்தேன், ரீஸ்டார்ட் ஆச்சு. கருப்புத் திரையில ரெண்டு வரி வந்துச்சு, மொபைல்ல படம் எடுத்து வச்சதால எழுத்துக் கூட்டி எழுதறேன்:

'வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்டு: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்.'
'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்.'

சில நொடியில தானா அணைஞ்சுடுச்சு. 'சீரியஸ்லி ராங்'னு கம்ப்யூட்டரே சொன்னா நான் என்ன பண்றது?

#12 ஒருவிரல்தட்டச்சு | இரவு 10:50

சின்ன விஷயம். பயாஸ் போய் செக்யூர் பூட்டை (கையொப்பம் இல்லாத பூட் நிரலைத் தடுக்கிற அமைப்பு) ஆஃப் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் புது லேப்டாப் வாங்கினா முதல்ல பண்றதே அதுதான்.

#13 நீலப்போர்ட் | இரவு 10:52

தயவுசெய்து இப்போது ஆஃப் செய்யாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத்தான் நுழைவீர்களா? அப்படியென்றால் ஹோம் பதிப்பில்கூட 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாக ஆன் ஆகியிருக்க வாய்ப்புண்டு. நீங்கள் ஆன் செய்த ஞாபகம் இருக்காது, ஏனென்றால் நீங்கள் செய்யவே இல்லை. உள்ளே இருப்பது டிஸ்கையே பூட்டி வைக்கிற பிட்லாக்கர்தான். அதன் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் இருக்கிறது. செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா, எந்தச் சான்றிதழ் வைத்துத் தொடங்கியது என்பதையெல்லாம் பார்த்துத்தான் டிபிஎம் சாவியை நீட்டும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்த மறுகணம், 'இது நான் அறிந்த கணினி இல்லை' என்று கையை இழுத்துக்கொள்ளும். அடுத்த தடவை விண்டோஸ் தொடங்கும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும்.

பயாஸில் 'சும்மா' ஒன்றை மாற்றிவிட்டு அந்த 48 இலக்கத்தின் முன் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கீ எங்கே என்று கேட்டால் 'என்ன கீ?' என்பார்கள்.

#14 ஒருவிரல்தட்டச்சு | இரவு 10:58

அக்கா, அது தெரியும். ஆனா மறுபடி ஆன் பண்ணினா பழையபடி திறக்குமே? இதுக்கு இவ்வளவு பயமுறுத்தணுமா? பாவம், ஏற்கனவே பயந்து போய் இருக்காங்க.

#15 நீலப்போர்ட் | இரவு 11:03

பெரும்பாலும் திறக்கும், ஒப்புக்கொள்கிறேன். 'பெரும்பாலும்' என்பதை நம்பி மூன்று வாரத்து ஆய்வேட்டைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். முதலில் கீ கையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும், அப்புறம் பயாஸைத் தொடட்டும்.

#16 டெர்மினல்தாத்தா | இரவு 11:12

இருவரும் நிறுத்துங்கள். ஆஃப் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைத்திரை, அந்த ஐஎஸ்ஓ எப்போது இறக்கியது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஃபர்ம்வேர் கையொப்பம் உள்ள பூட் நிரலைத்தான் ஓட்டும். லினக்ஸ் பக்கம் அந்தக் கையொப்பத்தோடு நிற்கிற சின்ன நிரலின் பெயர் ஷிம். 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற ஓட்டை வெளியே வந்தது, லினக்ஸைத் தொடங்கி வைக்கிற கிரப் பூட்லோடரில். கையொப்பம் சரியாக இருந்தும் உள்ளே ஓட்டை உள்ள நிரல்கள் ஏராளம் உலகில் உலவுகின்றன என்று தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் சேர்த்தால் ஃபர்ம்வேரில் இருக்கிற துளி இடம் நிரம்பிவிடும். அதற்குக் கண்ட வழிதான் எஸ்பிஏடி. ஷிம், கிரப் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமுறை எண். 'இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் உள்ளே விடாதே' என்று கணினியில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் போதும், பழைய தலைமுறை முழுவதும் வாசலிலேயே நிற்கும்.

2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் வழியாக அந்த வரி பல கணினிகளில் உயர்ந்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிற கணினிகளைத் தொடாது என்றார்கள்; அவற்றிலும் பல மாட்டிக்கொண்டன. உங்களுடையது விண்டோஸ் மட்டும் இருக்கிற கணினி, அதில் வரி உயர்ந்தது திட்டமிட்டபடிதான். ஆக, கோளாறு உங்கள் லேப்டாப்பில் இல்லை, பென்டிரைவில் இருப்பது பழைய ஷிம் என்பது என் ஊகம்.

#17 வெள்ளைத்திரை | இரவு 11:18

:( ஐஎஸ்ஓ இறக்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. 'இருக்கறதை எதுக்கு மறுபடி இறக்கணும்'னு எடுத்துப் போட்டேன்.

புதுசு இப்ப இறங்கிட்டிருக்கு. 6 ஜிபிக்கு மேல. இன்னும் நாற்பது நிமிஷம்னு காட்டுது.

#18 டெர்மினல்தாத்தா | இரவு 11:21

இறங்கி முடிந்ததும் செக்சம் (ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டுவது) பார்க்காமல் எழுதாதீர்கள். இறக்கிய தளத்திலேயே ஷா256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி இருக்கும். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளையோடு ஃபைல் பெயரைக் கொடுத்தால் அதே மாதிரி ஒரு வரி தரும். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்துப்போனால் எனக்குப் போதும், இதழ் சுழிப்பவர்கள் முழுதும் பார்க்கட்டும். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓவை எழுதி, அது ஏன் லோகோவில் நிற்கிறது என்று விடிய விடிய மண்டையை உடைத்துக்கொண்ட ஓர் இரவு எனக்கும் உண்டு.

#19 ஒருவிரல்தட்டச்சு | இரவு 11:27

இறங்கற வரைக்கும் ஒரு விஷயம். ரூஃபஸை விட்டுட்டு வென்டாய் போடுங்களேன். ஒரு தடவை பென்டிரைவ்ல நிறுவினா போதும், அப்புறம் ஐஎஸ்ஓவை ஃபைலாவே காப்பி பண்ணி வைக்கலாம். பத்து ஐஎஸ்ஓ வச்சாலும் தொடக்கத்துல மெனு காட்டும். சகோ முதல்ல பண்ணின 'தப்பு' இருக்கே, வென்டாய்ல அதுதான் சரியான முறை :)

#20 டெர்மினல்தாத்தா | இரவு 11:34

வென்டாய் நல்ல கருவி, என் சாவிக்கொத்திலேயே ஒன்று தொங்குகிறது. மெம்டெஸ்ட், குளோன்சில்லா, ஜிபார்ட்டட் மாதிரிக் கணினி வைத்தியக் கருவிகள் எல்லாம் அதில்தான். ஆனால் இன்றைக்கு வேண்டாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் தடவை ஒரு நீலத்திரை வந்து அதன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். தெரிந்தவர்களுக்கு அது நாலு என்டர். தெரியாதவர்களுக்கு இன்னொரு நீலத்திரை, இந்த மனிதர் ஏற்கனவே போதுமான அளவு பார்த்துவிட்டார். தவிர, நடுவில் ஒரு கருவி கூடினால் கோளாறு ஐஎஸ்ஓவிலா கருவியிலா என்று பிரிப்பது கடினம். அவசரத்துக்கு ஒரு பென்டிரைவ், ஒரு ஐஎஸ்ஓ.

#21 காகிதக்கப்பல் | இரவு 11:41

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு விண்டோஸ் நிறுவற பென்டிரைவ் வேணும். ஐஎஸ்ஓவைத் திறந்து ஃபைல்களை எல்லாம் ஃபேட்32 பென்டிரைவ்ல கையாலேயே காப்பி பண்ணினேன், 'ஃபைல் மிகப் பெரிது'ன்னு சொல்லுது. பென்டிரைவ் 32 ஜிபி, ஃபைல் 5 ஜிபிகூட இல்ல!

#22 நீலப்போர்ட் | இரவு 11:46

ஃபேட்32 வகையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது, பென்டிரைவில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும். 'சோர்சஸ்' ஃபோல்டரில் இருக்கிற 'இன்ஸ்டால்.விம்' அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் பென்டிரைவை அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் வகையாக ஆக்கி, அதைப் படிக்கத் தெரியாத ஃபர்ம்வேருக்காகப் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபேட் பார்ட்டிஷன் வைத்துச் சமாளிக்கும். கையால்தான் செய்வேன் என்றால் விண்டோஸின் டிஸம் கட்டளையால் அந்த ஃபைலை 'எஸ்டபிள்யூஎம்' துண்டுகளாக வெட்டலாம், நிறுவி அதைப் புரிந்துகொள்ளும். இரண்டும் வேண்டாமென்றால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

நிறுவும்போது டிஸ்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்பில் டிஸ்கை நிர்வகிக்கிற விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும், அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுக்க வேண்டும். மேற்கொண்டு கேட்க வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், இதில் ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

#23 வெள்ளைத்திரை | நள்ளிரவு 12:29

வந்துடுச்சு!!! செக்சம் ஒத்துப்போச்சு. இந்தத் தடவை கை தவறி டிடி மோட்ல எழுதிட்டேன், பரவாயில்லன்னு விட்டுட்டேன். உபுண்டு திரை வந்துடுச்சு, 'ட்ரை' கொடுத்து உள்ள வந்துட்டேன். செக்யூர் பூட் ஆன்லயே இருக்கு.

ஆனா அக்கா சொன்ன பூதம் நிஜமாவே இருக்கு. ஃபைல் மேனேஜர்ல என் டிஸ்க் பக்கத்துல பூட்டுப் படம். கிளிக் பண்ணினா பாஸ்வேர்டு கேக்குது. விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டேன், பின் போட்டேன், ரெண்டும் ஆகல.

#24 நீலப்போர்ட் | நள்ளிரவு 12:33

அவை இரண்டும் ஆகாது. லினக்ஸுக்கு டிபிஎம் சாவியைக் கொடுக்காது, அதனால் ரெகவரி கீதான் வேண்டும். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். சாதனங்கள் பகுதியில் அந்த லேப்டாப்பின் கீழ் பிட்லாக்கர் ரெகவரி கீ இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் தேதி பார்த்து எடுங்கள். கல்லூரிக் கணக்கில் நுழைந்திருந்தால் அங்கே இருக்கும், அதையும் பாருங்கள்.

#25 வெள்ளைத்திரை | நள்ளிரவு 12:44

கீ கிடைச்சுது. ஆறு ஆறா எட்டுத் தொகுதி. மூணு தடவை அடிச்சுட்டேன், திறக்கல. கை நடுங்குது.

#26 டெர்மினல்தாத்தா | நள்ளிரவு 12:49

நடுவில் இருக்கிற கோடுகளை விட்டுவிட்டு வெறும் எண்களை அடித்தீர்களா? விண்டோஸின் நீலத்திரை கோடுகளைத் தானே போட்டுக்கொள்ளும். லினக்ஸ் அப்படி இல்லை, 48 எண்ணோடு 7 கோடும் சேர்த்து 55 எழுத்தாகக் கொடுத்தால்தான் அது ரெகவரி கீ என்றே ஏற்கும்.

எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும், அப்படித்தான் அதை உருவாக்குகிறார்கள். உதாரணத்துக்கு 275143 வகுபடும். இரண்டு இலக்கம் இடம் மாறி 275413 என்று அடித்திருந்தால் 6 மீதி வரும். மொபைல் கால்குலேட்டரில் எட்டையும் வகுத்துப் பாருங்கள், எது உதைக்கிறதோ அங்கேதான் பிழை.

#27 வெள்ளைத்திரை | நள்ளிரவு 1:02

கோடுதான் தாத்தா!!! கோடு போட்டதும் பூட்டுப் படம் போயிடுச்சு. எல்லா ஃபோல்டரும் தெரியுது. ஆய்வேடு இருக்கு. மூணாவது அத்தியாயத்தைத் திறந்து கடைசிப் பத்தி வரைக்கும் பார்த்துட்டேன், நேத்து எழுதின வரிகூட இருக்கு.

ஆனா டிஸ்க் 'ரீட் ஒன்லி'ன்னு காட்டுது, ஒரு ஃபைல் பேரை மாத்தக்கூட விடல. ஏதாவது கெட்டுப்போச்சா?

#28 சும்மாவந்தேன் | நள்ளிரவு 1:06

அது உங்களுக்கு நல்லதுதான் சகோ. விண்டோஸ் ஒழுங்கா மூடாம பாதியில நின்னதால லினக்ஸ் 'நான் இதுல எழுத மாட்டேன்'னு ஒதுங்கி நிக்குது. படிக்கத் தடையில்ல. வலுக்கட்டாயமா எழுத வைக்கிற கட்டளை எல்லாம் தேடிப் போகாதீங்க. எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகி இழுத்துப் போடுங்க. ஆய்வேடு முதல்ல, படமெல்லாம் அப்புறம். காப்பி முடிஞ்சதா காட்டினாலும் 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம்னு சொன்ன பிறகு பிடுங்குங்க. திரையில முடிஞ்சுட்ட மாதிரி இருக்கும், எழுதறது பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும்.

#29 வெள்ளைத்திரை | விடிகாலை 2:15

41 ஜிபி காப்பி ஆச்சு. தங்கச்சி லேப்டாப்ல சொருகி நாலு அத்தியாயத்தையும் திறந்து பார்த்துட்டேன். இப்பத் திட்டலாம், தயார்.

#30 நீலப்போர்ட் | விடிகாலை 2:19

அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருப்பதும் இப்போது ஒரே ஒரு நகல்தான். தூங்குவதற்கு முன் ஆய்வேட்டை மட்டுமாவது உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். திட்டு நாளைக்கு.

#31 பகலில்மட்டும் | காலை 7:40

ராத்திரி இவ்வளவு நடந்திருக்கு! எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரி பென்டிரைவ் லினக்ஸ்ல செய்யற மாற்றம், போடற மென்பொருள் எல்லாம் ரீஸ்டார்ட் பண்ணினா போயிடுதே, தங்க வைக்க முடியாதா?

#32 டெர்மினல்தாத்தா | காலை 8:05

முடியும். ரூஃபஸில் 'பெர்சிஸ்டன்ட்' என்று ஒரு நகர்த்தி இருக்கிறது, அதை இழுத்தால் மாற்றங்களைச் சேமிக்கத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கும். உபுண்டு வகையறாவில் வேலை செய்யும். ஆனால் தினமும் ஓட்ட நினைத்தால் சாதாரணப் பென்டிரைவ் தாங்காது. பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்க அது பரவாயில்லை, துண்டு துண்டாக எழுதச் சொன்னால் நொண்டும், சீக்கிரம் தேயும். அதற்கு யூஎஸ்பி பெட்டிக்குள் ஒரு எஸ்எஸ்டி போட்டு, அதில் லினக்ஸை முறையாக நிறுவிக்கொள்வது எவ்வளவோ மேல். தடயமே தங்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு டெயில்ஸ் என்ற லினக்ஸ் இருக்கிறது, அது மெமரியிலேயே ஓடி அணைத்ததும் மறந்துவிடும்.

#33 வெள்ளைத்திரை | காலை 10:31

கடைசியா ஒரு கேள்வி. தங்கச்சி பென்டிரைவைத் திருப்பிக் கேக்கறா. விண்டோஸ்ல சொருகினா 16 ஜிபி இருந்தது வெறும் 5 எம்பிக்குப் பக்கத்துல காட்டுது. நான் கெடுத்துட்டேன்னு சொல்றா.

#34 நீலப்போர்ட் | காலை 10:38

கெடவில்லை. டிடி மோடில் எழுதியதால் ஐஎஸ்ஓவின் அமைப்பு அப்படியே இருக்கிறது, விண்டோஸுக்குப் புரிவது அதிலுள்ள அந்தக் குட்டி ஃபேட் பார்ட்டிஷன் மட்டும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து 'டிஸ்க்பார்ட்', 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க்' உடன் எண், அப்புறம் 'கிளீன்'. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் புதுப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட். 'கிளீன்' உறுதி கேட்காது, அடித்தால் அடித்ததுதான். #6ஐ இன்னொரு தடவை படித்துவிட்டு அடியுங்கள்.

#35 வெள்ளைத்திரை | காலை 10:56

டிஸ்க் 0 476 ஜிபி, டிஸ்க் 1 14 ஜிபின்னு காட்டுச்சு. 1தான்னு தெரிஞ்சும் மனசு கேக்கல. பென்டிரைவைப் பிடுங்கிட்டு 'லிஸ்ட் டிஸ்க்' அடிச்சேன், 1 காணாம போச்சு. சொருகிட்டு அடிச்சேன், 1 வந்துச்சு. மறுபடியும் ஒரு தடவை பிடுங்கிப் பார்த்தேன். தங்கச்சி பக்கத்துல நின்னு சிரிக்கிறா. அப்புறம்தான் 'கிளீன்' அடிச்சேன்.